ஆவிக்குரிய போராட்டம் என்றால் என்ன? எபேசு சபையை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஆவிக்குரிய போராட்டம் என்ற சொல்லைக் கேள்விப்படாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் குறைவு. உபவாசக் கூடுகைகளிலும் முழு இரவு ஜெபங்களிலும் அது அடிக்கடி ஒலிக்கிறது. ஆனால் புதிதாக விசுவாசத்துக்குள் வந்த ஒருவர், யாரோடு போராட வேண்டும், எதைக்கொண்டு போராட வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. ஒருவர் பேய் ஓட்டுவதைச் சொல்வார். இன்னொருவர் செய்வினைக் கட்டுகளை முறிப்பதைச் சொல்வார். வேறொருவர், கெட்ட பழக்கத்தை விட முடியாமல் ஒரு மனிதன் தனக்குள் நடத்தும் மல்லுக்கட்டுதான் அது என்பார். தேவனுக்கும் அவருடைய ஜனத்துக்கும் விரோதமான, கண்ணுக்குத் தெரியாத தீய சக்திகள் உண்டு என்றும், அவற்றின் அதிகாரம் கிறிஸ்துவின் சிலுவையில் உரியப்பட்டுவிட்டது என்றும், அவர் திரும்பி வரும் நாள்வரை விசுவாசி அந்த வெற்றிக்குள் உறுதியாக நிற்க வேண்டும் என்றும் வேதாகமம் சொல்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதே ஆவிக்குரிய போராட்டத்தைப் பற்றிய அடிப்படைப் புரிதல். முதலாவதை விட்டவர்கள் பிசாசைக் கட்டுக்கதை என்கிறார்கள். இரண்டாவதை விட்டவர்கள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறார்கள். மூன்றாவதை விட்டவர்கள் அசதியாக இருந்துவிடுகிறார்கள்.

இதற்கு ஆதாரமாக எல்லாரும் காட்டும் பகுதி, அப்போஸ்தலனாகிய பவுல் எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தில் வரும் எபேசியர் 6:10-20. "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல, துரைத்தனங்களோடும், அதிகாரங்களோடும், இப்பிரபஞ்சத்தின் அந்தகார லோகாதிபதிகளோடும், வானமண்டலங்களிலுள்ள பொல்லாத ஆவிகளின் சேனைகளோடும் நமக்குப் போராட்டம் உண்டு" என்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் பலர். அது எப்படிப்பட்ட ஊர் மக்களுக்கு எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு வாசிக்கும்போதுதான் அதன் கூர்மை விளங்கும்.

மந்திரத்துக்குப் பேர்போன ஊர்

எபேசு இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், செல்ச்சுக் என்ற ஊரின் அருகே இடிபாடுகளாகக் கிடக்கிறது. முதலாம் நூற்றாண்டில் அது ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்தில் தலையாய பட்டணம். பழங்கால உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட ஆர்த்தெமிஸ் தேவியின் கோயில் அங்கே இருந்தது. தமிழ் வேதாகமம் அந்தத் தேவியைத் தியானாள் என்று அழைக்கிறது. மந்திர வித்தைக்கும் அந்த ஊர் பேர்போனது. பொருள் விளங்காத சில சொற்களின் வரிசைக்கு 'எபேசிய எழுத்துகள்' என்றே பெயர். தீய ஆவிகளை விரட்ட அவற்றை உச்சரித்தார்கள். நம் ஊர்த் தாயத்துபோல எழுதி உடம்பில் கட்டிக்கொள்வதும் உண்டு.

இப்படிப்பட்ட பட்டணத்தில் பவுல் என்ன செய்தார் என்பதை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஜெப ஆலயத்தில் 3 மாதம் பேசினார். எதிர்ப்பு வந்ததும், திறன்னு என்பவனுடைய வித்தியாசாலைக்குப் போய் 2 வருடம் அனுதினமும் சம்பாஷித்தார். பிசாசின் கோட்டை என்று நாம் சொல்லக்கூடிய ஓர் ஊரில் அவருடைய அன்றாட வேலை, பாடம் நடத்துவதுபோல வசனத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதாக இருந்தது. அற்புதங்களும் நடந்தன, பொல்லாத ஆவிகளும் புறப்பட்டன. அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அதையும் மறைக்கவில்லை.

அந்த அற்புதங்களைப் பார்த்துவிட்டு, பிரதான ஆசாரியனான ஸ்கேவா என்பவனுடைய ஏழு குமாரர்கள் அதே காரியத்தைத் தாங்களும் செய்யத் துணிந்தார்கள். அவர்கள் சொன்ன வாசகம், "பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின்பேரில் உங்களுக்கு ஆணையிடுகிறோம்" என்பது. பெயர் சரியான பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவரோடு அவர்களுக்கு எந்த உறவும் இல்லை. "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" என்று ஆவி கேட்டது. ஆவி பிடித்த அந்த ஒரே மனிதன் அவர்கள்மேல் பாய, காயப்பட்டு, உடுத்த துணியும் இல்லாமல் அந்த வீட்டைவிட்டு ஓடினார்கள். இயேசுவின் நாமத்தை மந்திரம்போல ஓதுவது எபேசுக்காரர்களுக்கு இயல்பாக வந்த பழக்கம். அந்தப் பழக்கம் நம்மிடமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குறிப்பிட்ட ஒரு வாக்கியத்தைக் குறிப்பிட்ட சத்தத்தில் குறிப்பிட்ட தடவை சொன்னால்தான் கட்டு அவிழும் என்று போதிக்கப்படும் இடங்களில் ஸ்கேவாவின் மக்களை நினைத்துக்கொள்வது நல்லது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் இன்னும் முக்கியமானது. ஏற்கெனவே விசுவாசித்தவர்களில் அநேகர் வந்து தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டார்கள். மாயவித்தை செய்துவந்தவர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். கணக்குப் பார்த்தபோது அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறத்தாழ ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம் என்று கொண்டால், ஒருவன் வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 160 வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டிய தொகை அது. விற்றிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும். ஆனால் கிறிஸ்துவிடம் வந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் ஒளித்து வைத்திருந்த பழைய பாதுகாப்பை அவர்கள் கைவிட்டார்கள். எபேசில் நடந்த ஆவிக்குரிய போராட்டத்தின் பெரிய வெற்றி என்று எதையாவது காட்டச் சொன்னால், நான் இந்த மனந்திரும்புதலைத்தான் காட்டுவேன்.

சில வருடங்களுக்குப் பின் இந்த மக்களுக்குப் போன கடிதத்தைத் திறந்து பாருங்கள். (மிகப் பழமையான சில பிரதிகளில் முதல் வசனத்தில் 'எபேசுவில்' என்ற சொல் இல்லை என்பதால், அது அந்த மாகாணத்துச் சபைகள் பலவற்றுக்கும் சுற்றுக்கு விடப்பட்ட கடிதம் என்று கருதுவோர் உண்டு, அப்படியானாலும் வாசித்தவர்களின் சூழல் இதுவே.) ஆவிகளைப் பற்றி இரவும் பகலும் யோசித்துப் பழகிய வாசகர்களுக்கு, அந்த ஆவிகளின் பெயர்ப் பட்டியலையோ, அவற்றை விரட்டும் வாசகத்தையோ பவுல் தரவில்லை. பொய்யைக் களைந்துவிட்டு மெய்யைப் பேசுங்கள், திருடினவன் இனித் திருடாமல் பாடுபடட்டும், கணவன் மனைவியை நேசிக்கட்டும், தகப்பன்மார் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கட்டும் என்று இரண்டு அதிகாரங்களுக்கு மேல் எழுதிய பிறகுதான் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது விசுவாசி அணிய வேண்டிய முழுப் போர்க்கவசத்தைப் பற்றிப் பேசுகிறார். நடுவே, 4:26-27-இல், சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணிய வேண்டும், பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்ற எச்சரிக்கை வருகிறது. இராத்தங்கிய கோபம் அவன் கால் ஊன்றும் இடமாகிவிடுகிறது.

எதிராளி யார், அவன் எவ்வளவு பலசாலி?

சாத்தானைத் தேவனுக்குச் சரிநிகரான எதிர்சக்தியாக வேதாகமம் ஒருபோதும் காட்டுவதில்லை. அவன் சிருஷ்டிக்கப்பட்டவன், எல்லா இடத்திலும் இருப்பவனல்ல, எல்லாம் அறிந்தவனுமல்ல. யோபுவின் புத்தகத்தில், தனக்குக் குறிக்கப்பட்ட எல்லையை மீறி ஓர் அடிகூட அவனால் வைக்க முடியவில்லை. இயேசு சிலுவைக்குப் போவதற்கு முந்தின இரவில் பேதுருவிடம், கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சீஷர்களைப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டுக்கொண்டான் என்கிறார் (லூக்கா 22:31). உத்தரவு கேட்க வேண்டிய நிலையில் இருப்பவன் அவன். அதே மூச்சில், "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றும் சொல்கிறார். பேதுரு மறுதலித்தார், மனங்கசந்து அழுதார், ஆனாலும் திரும்பி வந்தார். பின்னாளில், "உங்கள் எதிராளியாகிய பிசாசானவன் கெர்ச்சிக்கிற சிங்கம்போல் எவனை விழுங்கலாமோ என்று வகைதேடிச் சுற்றித்திரிகிறான்" என்று எழுதியவர் அதே பேதுருதான். பட்டறிந்தவரின் எச்சரிக்கை அது.

கொலோசெயர் 2:15, கிறிஸ்து துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு, வெளியரங்கமான கோலமாக்கி, சிலுவையிலே வெற்றிசிறந்தார் என்கிறது. ரோமத் தளபதி போரில் வென்று திரும்பும்போது, தோற்றவர்களை ஆயுதம் களைந்து தெருத்தெருவாக ஊர்வலம் நடத்திக் காட்டுவான். அந்தக் காட்சி அன்றைய வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். இதில் வியப்பு என்னவென்றால், அந்தச் சிலுவையில் உண்மையாகவே உரியப்பட்டு, எல்லார் கண்முன்னும் தொங்கவிடப்பட்டவர் இயேசு. நமக்கு எதிரான கடன்சீட்டு அங்கே குலைக்கப்பட்டது என்று முந்தின வசனம் சொல்கிறது. குற்றஞ்சாட்டுகிறவன் கையில் வைத்திருந்த ஒரே பத்திரம் போய்விட்டது.

அவனுடைய வழிமுறைகள் பழையவை. பொய் சொல்வான், ஆசைகாட்டுவான், குற்றஞ்சாட்டுவான். மத்தேயு 4-இல் முதல் இரண்டையும் அருகிலிருந்து பார்க்கலாம். 40 நாள் உபவாசத்துக்குப் பின் பசித்திருந்த இயேசுவிடம், "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று தொடங்குகிறான். ஞானஸ்நானத்தின்போது "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து வந்த சத்தத்தின் மேலேயே சந்தேகத்தைத் தூவும் பேச்சு அது. கேட்டதும் பாவமாகத் தெரியாத ஒன்று: பசித்தவன் அப்பம் சாப்பிடுவதில் என்ன தவறு? இரண்டாம் தடவை 91-ஆம் சங்கீதத்தையே எடுத்துப் பேசுகிறான். வேதவசனத்தை மேற்கோள் காட்டுகிறவர் எல்லாரும் தேவனிடமிருந்து பேசுகிறவர்கள் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். இயேசுவின் மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் 40 வருடம் தவறிய இடங்களைப் பற்றிய வசனங்கள் அவை. தேவவசனமாகிய ஆவியின் பட்டயத்தைப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. எந்த வசனம் எந்தச் சூழலில் எதற்காகச் சொல்லப்பட்டது என்று அறிந்து, அதற்குத் தாமே முதலில் கீழ்ப்படிந்தார்.

குற்றச்சாட்டு எப்படி வரும் என்பதை சகரியா 3 காட்டுகிறது. பிரதான ஆசாரியனான யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். வலதுபக்கத்தில் சாத்தான் அவனுக்கு விரோதமாக நிற்கிறான். அழுக்கு உண்மையான அழுக்கு. குற்றச்சாட்டில் பொய் இல்லை. ஆனாலும் யோசுவா தன் சார்பில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கர்த்தரே சாத்தானைக் கடிந்துகொள்கிறார், அழுக்கு வஸ்திரத்தைக் களைந்து சிறந்த வஸ்திரம் தரிக்கச் செய்கிறார். மன்னிக்கப்பட்ட பாவத்தை நினைத்து நினைத்துக் குமைந்துபோகும் விசுவாசிக்கு ஆவிக்குரிய போராட்டம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் பிசாசைக் காரணம் காட்டவும் கூடாது. எபேசியர் 2:1-3 இந்த உலகத்தின் போக்கையும், ஆகாயத்து அதிகாரப் பிரபுவையும், நம் சொந்த மாம்ச இச்சைகளையும் சேர்த்தே சொல்கிறது. அவனவன் தன் சுய இச்சையினால் இழுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறான் என்பது யாக்கோபின் வாக்கு. குடியை ஒரு ஆவியின் தலையில் கட்டிவிட்டால் குடிக்கிறவர் மனந்திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

யாருடைய ஆயுதம் அது?

சர்வாயுதவர்க்கத்தை விளக்கும்போது பலரும் ரோமப் போர்வீரனின் படத்தைக் காட்டுவார்கள். கட்டப்பட்ட நிலையில் இருந்த பவுலுக்குக் காவல் நின்ற வீரனைப் பார்த்தே அந்த எண்ணம் எழுந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொற்களின் ஊற்று ஏசாயாவில் இருக்கிறது. நியாயம் செய்ய ஒருவரும் இல்லை என்று கண்ட கர்த்தர் நீதியை மார்க்கவசமாக அணிந்து, இரட்சிப்பென்னும் சீராவை (தலைக்கவசத்தை) தமது சிரசில் தரித்தார் என்று ஏசாயா 59:17 சொல்கிறது. நற்செய்தி அறிவிக்கிறவனின் பாதங்களைப் பற்றி 52:7 பேசுகிறது. தேவன் தாமே அணிந்து வந்த கவசத்தை விசுவாசிக்குக் கொடுக்கிறார். ஆகவே, காலையில் எழுந்ததும் ஒவ்வொரு ஆயுதத்தையும் கைச்சைகையோடு அணிவதாக ஜெபிப்பது நினைவுக்கு ஓர் உதவியாக இருக்கலாமே தவிர, அப்படிச் செய்ய மறந்த நாளில் பாதுகாப்பு போய்விட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

சர்வாயுதவர்க்கத்தில் ஒன்றான விசுவாசமென்னும் கேடகத்தைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொல்லலாம். இங்கே குறிப்பிடப்படுவது கையில் சுழற்றும் சிறிய வட்டக் கேடகம் அல்ல. ஏறத்தாழ 4 அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்டு, ஆளை மறைக்கும் பெரிய கேடகம். வீரர்கள் அணிவகுத்து நெருங்கி நிற்கும்போது ஒருவனுடைய கேடகம் பக்கத்தில் நிற்பவனையும் காக்கும். பவுல் இந்தப் பகுதி முழுவதிலும் பன்மையிலேயே பேசுகிறார்: 'நீங்கள்' நில்லுங்கள். தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு பிசாசோடு மல்லுக்கு நிற்கும் வீரனைவிட, விசுவாசம் தளர்ந்த சகோதரனின் அருகில் போய் நிற்கும் சபைதான் அவர் மனதில் இருக்கிறது.

எங்கே தடம் புரள்கிறோம்?

முதல் தவறு மனிதர்களை எதிரியாக்குவது. போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டே, மாமியாரையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ, வேறு மதத்தைப் பின்பற்றுகிறவரையோ பிசாசின் கையாளாகப் பார்ப்பது நடக்கிறது. இந்த வசனத்துக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. எபேசு சபையே இதற்குச் சாட்சி: வெளிப்படுத்தல் 2-இல், கள்ள அப்போஸ்தலரைச் சோதித்து அறிந்ததற்காக அந்தச் சபையைப் பாராட்டும் ஆண்டவர், ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்றும் அதன்மேல் குறை சொல்கிறார். கள்ளப் போதனையை எதிர்ப்பதில் சளைக்காதவர்கள் அன்பில் தோற்றுப்போயிருந்தார்கள்.

இரண்டாவது, எல்லா நோய்க்கும் ஆவியைக் காரணமாக்குவது. மத்தேயு 4:24 வியாதியஸ்தரையும் பிசாசு பிடித்தவர்களையும் தனித்தனியே எண்ணுகிறது. எபேசில் ஊழியம் செய்துகொண்டிருந்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனபோது, பவுல் வயிற்றுவலியின் ஆவியைத் துரத்தவில்லை. கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்று அன்றைய வைத்தியத்தைச் சொன்னார். மனச்சோர்வோ, வலிப்போ, மனச்சிதைவோ உள்ள ஒருவரை மருத்துவரிடம் கூட்டிப் போகாமல் நாள்கணக்கில் பட்டினி போடுவதும், அடிப்பதும், கட்டிவைப்பதும் ஆவிக்குரிய போராட்டம் அல்ல, அது கொடுமை. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

மூன்றாவது, ஊர்களையும் நாடுகளையும் ஆளும் ஆவிகளைப் பெயர் கண்டுபிடித்துக் கட்டுவது. 1990-களில் அமெரிக்காவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த சி. பீட்டர் வாக்னர் போன்றவர்கள் இந்தப் போதனையை உலகெங்கும் பரப்பினார்கள். ஆதாரமாகத் தானியேல் 10-ஐக் காட்டுவார்கள். பெர்சியாவின் அதிபதி 21 நாள் தேவதூதனை எதிர்த்து நின்றது அங்கே உண்மையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் தானியேலுக்கு அந்த யுத்தம் நடந்ததே அந்த 21 நாளும் கடந்த பிறகுதான் தெரிந்தது. அவர் எந்த அதிபதியையும் பெயர் சொல்லிக் கட்டவில்லை. துக்கித்து, உபவாசித்து, தேவனிடம் மட்டும் பேசினார். பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசோடு தர்க்கித்தபோது, "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான் என்கிறது யூதாவின் நிருபம். சாத்தானைத் திட்டுவதில் பாதி நேரத்தைச் செலவிடும் ஜெபங்களுக்கு வேதத்தில் முன்மாதிரி இல்லை என்பது என் துணிபு.

அப்படியானால் பிசாசு துரத்துவதே கிடையாதா? உண்டு. இயேசு செய்தார், சீஷர்களுக்கும் அதிகாரம் கொடுத்தார். இதைக் கையாளும் விதத்தில் சபைகள் வேறுபடுகின்றன: பெந்தெகொஸ்தே சபைகளில் விடுதலை ஜெபம் வழக்கமான ஊழியம், கத்தோலிக்கத் திருச்சபையிலோ ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவே பேயோட்டும் சடங்கை நடத்தலாம் என்பது சட்டம். மாற்கு 5-இல் லேகியோன் என்னும் பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவனுடைய முடிவைக் கவனித்தால் அளவுகோல் கிடைக்கும்: வஸ்திரம் உடுத்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான், இயேசு அவனைத் தம்முடன் ஊர் ஊராகக் கூட்டிச் சென்று சாட்சிப் பொருளாக்காமல், அவனுடைய வீட்டாரிடத்துக்கு அனுப்பினார். இயேசு ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேர், ஆவிகள் தங்களுக்குக் கீழ்ப்படிந்ததாகச் சந்தோஷத்தோடு வந்து சொன்னபோது, உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகவே சந்தோஷப்படுங்கள் என்று அவர்களுடைய கவனத்தைத் திருப்பினார்.

தினசரி வாழ்க்கையில் தொடங்க விரும்புகிறவர் யாக்கோபு 4:7-இன் வரிசையைக் கைக்கொள்ளலாம்: முதலில் தேவனுக்குக் கீழ்ப்படிவது, பிறகு பிசாசை எதிர்த்து நிற்பது. மன்னிக்காமல் வைத்திருக்கும் ஆள் யார், அறிக்கையிடாமல் மறைத்திருக்கும் காரியம் என்ன, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் கீழ்ப்படிதல் எது என்ற கேள்விகளிலிருந்து அது ஆரம்பமாகும். கூடவே, ஜெபம். சர்வாயுதவர்க்கத்தைச் சொல்லி முடித்த பவுல், எந்தச் சமயத்திலும் ஜெபம்பண்ணி விழித்திருங்கள், சகல பரிசுத்தவான்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். தமக்காகவும் ஒரு விண்ணப்பம் வைக்கிறார். சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும் அவர், சங்கிலி கழன்றுவிழ ஜெபியுங்கள் என்று கேட்கவில்லை. சுவிசேஷத்தின் இரகசியத்தைத் தைரியமாய் அறிவிக்க வாக்கு தமக்குக் கொடுக்கப்படும்படி வேண்டிக்கொள்ளச் சொல்கிறார்.